வண்டி எந்த ஸ்டேஷனில் நின்றது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. ஜோகுபாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் வைத்திருப்பதோ அண்ணன் கையிலிருந்து தங்கைக்கு வந்த மடிக்கணினி. அதைக் காயலான் கடையில் போடுமுன் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். காசு கேட்காது. நமக்கு அந்நியமும் அல்ல. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் ஊரிலுள்ள நம் உறவுப் பிள்ளைகள் வாங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது அது.

தலைவலி வருவது போட்டு முடித்து மறுபடி ஆன் செய்யும்போதுதான். திரை கறுப்பாக நிற்கும். உடனே பலரும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். வேண்டாம்.

ரயில்வே சிக்னல் இலாகாவில் இருந்தவனுக்கு இது ஒற்றைத் தடப் பாதையாகத்தான் தெரிகிறது. டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை நகர்த்த மாட்டார். கணினியில் முதலில் விழிப்பது போர்டிலேயே பதிந்துள்ள நிரல். பழையவற்றில் பயாஸ், பின்னால் வந்தவற்றில் யு.இ.எஃப்.ஐ. அது 'க்ரப்' என்னும் துவக்கியைத் தேடிப் பொறுப்பைக் கொடுக்கும். க்ரப், கெர்னலை ஏற்றும். 'பூட்டபிள் டிவைஸ் இல்லை' என்று வந்தால் வண்டி முதல் ஸ்டேஷனிலேயே நிற்கிறது. க்ரப் என்ற எழுத்தும் கர்சரும் மட்டும் மினுக்கினால் இரண்டாவது. க்ரப் பட்டியல் வந்தபின் இருண்டால் மூன்றாவது. அநேகமாக கிராபிக்ஸ் கோளாறு. பட்டியலில் 'இ' எழுத்தை அழுத்தி, லினக்ஸ் எனத் தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப் 10 அழுத்தினால் பெரும்பாலும் படம் வந்துவிடும்.

பக்கத்து வீட்டு பி.யூ.சி. மாணவியின் மடிக்கணினி நின்றது முதல் ஸ்டேஷனில். லினக்ஸ் போட்டுக் கொடுத்த உறவுக்காரப் பையன், விண்டோஸும் வரவில்லை என்றதும் டிஸ்க்கையே அழிக்கலாம் என்றானாம். "தாத்தா, பரீட்சை நோட்ஸெல்லாம் அதுலதான் இருக்கு" என்று கண்கலங்கி வந்தாள். லினக்ஸ் பென் டிரைவில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. அதில் ஏற்றி, முதலில் நோட்ஸை வேறொரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டோம். பிறகு செட்டிங்ஸைத் திறந்தால், பையன் யு.இ.எஃப்.ஐ.-யை 'லெகசி' என்று மாற்றியிருக்கிறான். திரும்ப மாற்றியதும் விண்டோஸ் வந்தது. எஃப் 12 பட்டியலில் (சில கம்பெனிகளில் வேறு விசை) ஒரே பென் டிரைவ் இரண்டு பெயரில் தெரிந்தது; யு.இ.எஃப்.ஐ. என்று முன்னால் போட்டிருந்ததைத் தேர்ந்து லினக்ஸை மறுபடி நிறுவினோம். அரை மணி நேரம். காபி ஆறிவிட்டது, அவ்வளவுதான்.

செக்யூர் பூட் என்பது கையெழுத்தில்லாத துவக்கியை உள்ளே விடாத காவல்காரர். உபுண்டு போன்றவற்றுக்கு அந்தக் கையெழுத்து உண்டு. ஆயினும் 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் திருத்தத்துக்குப் பின், இரண்டையும் வைத்திருந்த சில கணினிகளில் லினக்ஸ் எழ மறுத்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆனால் அந்த செட்டிங்ஸில் கை வைக்குமுன் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று விண்டோஸில் பாருங்கள். இருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணை மைக்ரோசாப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றம் செய்தபின் கணினி அதைக் கேட்கும். கொடுக்காவிட்டால் விண்டோஸ் பக்கத்திலுள்ள கல்யாண போட்டோவும் வராது, பரீட்சை நோட்ஸும் வராது.