வீட்டுக்குள் மின்சாரம் – 14: எர்த் அடிக்காது

“குழாயைத் தொட்டா எர்த் அடிக்குது தம்பி.”

மேற்கு மாம்பலத்தில் பழைய ஃபிளாட் ஒன்றின் இரண்டாவது மாடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போனில் சொன்னார். நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். பாவம் எர்த், அது யாரையும் அடிப்பதில்லை. அது இல்லாத இடத்தில்தான் அடிக்கிறது. மண்ணுக்குப் போக வேண்டிய கசிவு, ஒயர் கிடைக்காமல் நம் கை வழியாகப் போகிறது. பழி மட்டும் எர்த்துக்கு.

காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை குளியலறைக் குழாய் சுருக்கென்கிறதாம், அப்புறம் சாதுவாகிவிடுகிறதாம். “கீசரையே கழட்டி வெச்சுட்டேன். அப்பவும் அடிக்குது” என்றார். மறுநாள் காலை ஆறரைக்குப் போய், முதல் வேலையாக அவர் வீட்டு மெயினை அணைத்தேன். கீழே மீட்டர் போர்டின் எர்த்திலிருந்து நீள ஒயர் ஒன்றை மாடிக்கு இழுத்து வந்து, அதற்கும் குழாய்க்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். 110 வோல்ட். வீட்டில் கரண்ட் இல்லை, குழாயில் இருக்கிறது!

மூலம் தரைத்தளத்தில் இருந்தது. கட்டடம் கட்டியபோது எலக்ட்ரீசியன் பச்சை ஒயரை மீட்டர் போர்டு வரை இழுக்கச் சோம்பி, வீட்டுக்கு வீடு ஜிஐ குழாயிலேயே சுற்றி முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் அந்த இரும்புக் குழாய், தரைக்கு அடியில் தோட்டத்துக் குழாய் வரை ஓடியது. மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்ததால் இத்தனை வருஷமும் எர்த்தாக வேலை செய்தது. சமீபத்தில் தரைத்தளத்துக்காரர் துருப்பிடித்த பகுதியை வெட்டி எறிந்து சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போட்டார். பிளம்பர் வேலை சுத்தம், ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் மேலே மூன்று வீட்டின் எர்த்தும் அந்த ரம்ப வெட்டோடு போயிற்று.

மூன்றாவது மாடியில் காலையில் கீசர் போடுவார்கள். போர் தண்ணீரின் உப்பு படிந்து அதன் காயில் வெடித்திருந்தது. கசிந்த கரண்ட் இறங்க வழியில்லாமல் குழாய் முழுக்க நின்றது.

“எங்க வீட்ல ஆர்சிசிபி இருக்கே, அது ஏன் விழல?” என்று டீச்சர் கேட்டார். நல்ல கேள்வி. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்று ஆர்சிசிபி கணக்குப் பார்க்கும். கணக்கு 30 மில்லி ஆம்பியர் உதைத்தால் விழும். ஆனால் அது பார்ப்பது தன் வீட்டுக் கணக்கை மட்டும்தான். டீச்சரை அடித்தது மாடி வீட்டுக் கரண்ட். அங்கே ஆர்சிசிபியே கிடையாது.

எம்சிபி இருந்தது. அதை நம்பித்தான் பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எர்த் அறுபடாமலே இருந்து, எர்த் குழியின் எதிர்ப்பு 20 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் ஓடுவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தண்ணீர்க் குழாயை எர்த்தாக நம்பக் கூடாது. ஆனால் இரும்புக் குழாயை எர்த்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இந்தக் கட்டுக்குத்தான் பாண்டிங் என்று பெயர். கீசர் உடம்பும் குழாயும் ஒரே எர்த்தில் சேர்ந்திருந்தால், இரண்டையும் ஒரே சமயம் தொட்டாலும் நடுவே பெரிய வோல்ட் வித்தியாசம் நிற்காது. எர்த்திங்குக்கென்று ஐஎஸ் 3043 என்ற நெறிமுறை இருக்கிறது, 2018-ல் திருத்தியும் வெளியிட்டார்கள். அதைப் புரட்டிப் பார்த்த எலக்ட்ரீசியன்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

வீட்டுக்கு வீடு தனிப் பச்சை ஒயர் இழுத்தோம். மிச்சமிருந்த இரும்புக் குழாயில் பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி கிளாம்ப் போட்டு எர்த்தில் சேர்த்தோம். மாடி வீட்டுக்குப் புதுக் காயிலும் ஆர்சிசிபியும் வந்தன. எர்த் குழியைத் தேடத்தான் அரை நாள் ஆனது. கார் நிறுத்தப் போட்ட பேவர் பிளாக்குக்கு அடியில் கிடந்தது, கரியெல்லாம் எலும்பாய்க் காய்ந்து. இப்போது அதற்கு மூடி போட்டாயிற்று. கோடையில் வாரம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவது வாட்ச்மேன் பொறுப்பு.

குழாய் முழுக்க பிளாஸ்டிக்காக உள்ள ஃபிளாட்டில் குழாயைக் கட்டும் வேலை இல்லை. கீசரின் எர்த் மட்டும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் உப்புத் தண்ணீரும் கரண்ட்டைக் கடத்தும்.

உங்கள் ஆர்சிசிபியில் ‘டி’ என்று போட்ட பட்டனை இன்றைக்கே அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். விழுந்தால் ஆர்சிசிபி நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். எர்த் இருக்கிறதா என்று அந்தப் பட்டன் சொல்லாது. கீசர் பாயின்ட்டின் பெரிய ஓட்டையில் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீசியனைப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புக் குழாயை மாற்றுகிற நாளென்றால், பிளம்பர் ரம்பத்தை எடுப்பதற்கு முன்பே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

(தொடரும்)