காலையில் மக்கர் பண்ணும் பழைய பிக்கப் வேன்: புகையை பார்த்தாலே கோளாறு தெரியும்

செஞ்சி,

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனை கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வரும் பழைய டீசல் வேன் காலையில் மக்கர் பண்ணினால் விவசாயிக்கு ஏலம் போச்சு, டிரைவருக்கு வாடகை போச்சு.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்படும் காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றும். அதற்கு செல்ப் வேகமாக சுற்ற வேண்டும்.

மெதுவாக சுற்றினால் பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயரை பாருங்க.

வேகமாக சுற்றியும் புகையே வராவிட்டால் டீசல் போய் சேரவில்லை. பில்டர் அடைப்போ, பைப்பில் காற்று இழுப்போ இருக்கும்.

வெள்ளை புகை வந்தால் டீசல் போகுது, எரியவில்லை. ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் முதலில் அதை சோதியுங்க. அடுத்து நாசில், கம்ப்ரஷன்.

விடாமல் செல்ப் அடித்தால் மோட்டாரும் கருகிடும். இதையெல்லாம் பார்த்த பிறகு பம்பில் கை வைத்தால் காசு மிச்சம்.