வைப்பாற்று மட்டிகளும் வெடிமருந்தின் தடமும்

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி வைப்பாற்றையும் அதன் துணையாறான அர்ச்சுனா நதியையும், அவற்றின் நீரைத் தேக்கும் கண்மாய்களையும் நம்பியிருக்கிறது. அதே மண்ணில்தான் சிவகாசியின் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களும் பந்தல்குடியின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. இத்தொழில்கள் நீரில் விட்டுச்செல்வதைக் கண்டறிய, சேற்றில் பாதி புதைந்து வாழும் நன்னீர் மட்டி பெருந்துணையாகும்.

மட்டி நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள பாசித் துகள்களைச் செவுள்களால் வடிகட்டி உண்டபின் வெளியேற்றுகிறது. அது இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகராததால், அவ்விடத்து நீரில் கரைந்த உலோகங்கள் அதன் தசையிலும் ஓட்டிலும் சேர்கின்றன. சூழலின் நிலையைத் தன் உடலால் உணர்த்தும் இத்தகைய உயிரே உயிர்ச்சுட்டி எனப்படுகிறது. போலந்துத் தலைநகர் வார்சாவில், மட்டிகளின் ஓடுகளில் உணர்கருவி பொருத்தி, அவை ஒருசேர மூடிக்கொள்வதை எச்சரிக்கையாகக் கொண்டு குடிநீரைக் கண்காணிக்கின்றனர்.

சிவகாசிக்கு இம்முறை தனிப்பொருத்தம் உடையது. பட்டாசின் பச்சை ஒளிக்குப் பேரியம் உப்பும் சிவப்பு ஒளிக்கு ஸ்ட்ரான்சியம் உப்பும் பயன்படுகின்றன. இவ்விரண்டும் கால்சியத்தை ஒத்த தனிமங்களாதலால், மட்டி தன் சுண்ணாம்பு ஓட்டை அடுக்கடுக்காக வளர்க்கையில் கால்சியத்தின் இடத்தில் சிறிதளவு புகுந்துவிடுகின்றன. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது. அத்தடைக்கு முந்தைய ஓடுகளையும் பிந்தைய ஓடுகளையும் ஒப்பிட்டால், ஆணையின் பயன் நீர்நிலையை எட்டியதா என்பதை ஆராய வழி பிறக்கும்.

ஆயினும் மட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. வெடிமருந்தில் சேரும் பெர்குளோரேட் நீரில் எளிதில் கரைந்து ஓடிவிடுவதால், உலோகங்களைப் போல ஓட்டில் தங்குவதில்லை. தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும் இவ்வேதிப்பொருள், சிவகாசி, மதுரைப் பகுதிகளின் 60 நிலத்தடி நீர் மாதிரிகளில் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் வரை இருந்ததாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குடிநீருக்கு 2008இல் பரிந்துரைத்த இடைக்கால அளவோ 15 மைக்ரோகிராம்தான். ஆகவே கிணற்றுநீர்ச் சோதனையும் மட்டி ஆய்வும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்க வேண்டியவை.

சுரங்கம், கல்குவாரி ஆகியவற்றின் நுண்தூள் மழைநீரோடு வந்து மட்டியின் செவுள்களை அடைக்கக்கூடும். மேலும், மட்டியின் இளவுயிரிகள் சில காலம் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வளர்வதால், மீன் குறைந்தால் மட்டியின் அடுத்த தலைமுறையும் அற்றுப்போகிறது. முதிர்ந்த மட்டிகள் மட்டுமே கிடைத்து, குஞ்சுகள் காணப்படாத நீர்நிலை நோயுற்றிருப்பதாக ஐயுற இடமுண்டு.

கோடையில் வற்றும் கண்மாய்களைவிட, மலையடிவாரத்துப் பிளவக்கல் அணையையும் அதற்குக் கீழுள்ள கோல்வார்பட்டி, இருக்கன்குடி நீர்த்தேக்கங்களையும் ஒப்பிட்டு ஆராய்வது தெளிவான விடை தரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பல்கலைக்கழகங்களும் இப்பணியை ஆண்டுதோறும் மேற்கொண்டு, முடிவுகளை ஊராட்சிகளில் தமிழில் வெளியிட வேண்டும்; பட்டாசால் பிழைக்கும் மக்களுக்குத் தாம் குடிக்கும் நீரின் நிலையை அறியும் உரிமை உண்டு.