தெர்மாமீட்டருக்கு விடை கொடுப்போம்!

எங்கள் வீட்டுத் தெர்மாமீட்டருக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது. தெருவில் யாருக்கு ஜுரம் என்றாலும் பீரோவிலிருந்து எடுத்து, இரண்டு உதறு உதறி, அக்குளில் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "நூற்றொண்ணு இருக்கு, டாக்டர்கிட்ட போயிடு" என்பேன். நர்ஸம்மா மாதிரி மரியாதை!

போன மாதம், பிரசவத்துக்கு வந்த மகளின் குழந்தைக்கு உடம்பு சுட்டது. அவசரத்தில் உதறினேன் பாருங்கள், கட்டில் முனையில் பட்டு உடைந்தது! பாதரசம் வெள்ளி முத்துக்களாய் உருண்டோடியது. விரலால் பொறுக்கினேன், தங்க மோதிரம் வெளுத்துப் போனது. "அம்மா, தொடாதே!" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மகள் வெளியே ஓடினாள். நல்ல வேளை, குழந்தைக்குத் தடுப்பூசி ஜுரம்தான் என்றார் டாக்டர்.

பிறகுதான் விசாரித்தேன். அதில் இருப்பது சுமார் 1 கிராம் பாதரசம். மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசிப்பதுதான் பெரிய கெடுதல். சாக்கடையில் கொட்டினாலோ, நீரில் கலந்து மீன் வழியாக நம் தட்டுக்கே வரும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில், ஆலைக் கழிவு கலந்த கடலின் மீனைத் தின்ற தாய்மாரின் வயிற்றுப் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டன. அந்த நோய் 1956-ல் வெளியே தெரிந்தது. நம் கொடைக்கானலிலும், பாதரசக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்தது தெரிந்து, ஒரு தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. புழல் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்து, காசிமேட்டு மீன் சாப்பிடும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பாதரசச் சாமான்களை ஒழிக்க 2013-ல் உலக நாடுகள் கூடி, மினமாட்டா பெயரிலேயே ஒப்பந்தம் செய்தன. இந்தியா 2018-ல் ஏற்று, 2025 வரை அவகாசம் பெற்றது. ஆனால் நம் பீரோவில் இருப்பதை நாம்தானே கவனிக்க வேண்டும்?

உடைந்துவிட்டால்:

* குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, ஃபேனை நிறுத்துங்கள்.
* மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுக் கையுறை போடுங்கள்.
* துடைப்பம் வேண்டாம். முத்துக்கள் இன்னும் சிதறும். கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பில் எடுங்கள். டார்ச் அடித்தால் மினுங்கும்.
* எல்லாவற்றையும் மூடி போட்ட பாட்டிலில் அடைத்து, பெயர் எழுதி, அபாயக் குப்பை என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

உடையாத பழையதையும் அப்படியே கொடுத்துவிடுங்கள். வெறும் குப்பைத் தொட்டி அதற்கு இடமில்லை.

இப்போது டிஜிட்டல் வாங்கிவிட்டேன். உதற வேண்டாம், 'கீச்' என்று கூப்பிடும். ஆனால் அதன் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி காட்டினால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

கெட்டுப்போகாத சாமானைக் கழிக்க மனசு வராதுதான். ஆனால் சிக்கனம் பேரன் பேத்தியின் மூச்சுக்கு மேலா? இன்றைக்கே உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள், சகோதரிகளே!