கருமுட்டைகளை உறையவைப்பது ஏன்?

உத்தியோகத்தில் உயரும் ஆசையினால் தாய்மையைத் தள்ளிப்போடும் பெண்களே தமது கருமுட்டைகளை உறையவைக்கின்றனர் என்பது பரவலான எண்ணம். 2014ஆம் ஆண்டில் பேஸ்புக், அப்பிள் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் பெண் ஊழியர்களின் இச்சிகிச்சைச் செலவைத் தாமே ஏற்பதாக அறிவித்தபோது இவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றது. வேலை வாங்குவதற்காகப் பிள்ளைப்பேற்றையே ஒத்திவைக்கச் சொல்கின்றார்கள் என்று பலர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் சிகிச்சை பெற்ற பெண்களிடமே கேட்டறிந்தவர்கள் வேறு காரணத்தையே கண்டனர்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மானிடவியற் பேராசிரியை மார்சியா இன்ஹோர்ன், கருமுட்டைகளை உறையவைத்த நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுடன் உரையாடி 2023இல் ஒரு நூலை வெளியிட்டார். அப்பெண்களிற் பெரும்பாலோர் முப்பது வயதைக் கடந்தவர்கள், நன்கு கற்றவர்கள், போதிய ஊதியம் பெறுபவர்கள். தந்தையாகும் பொறுப்பை ஏற்கக்கூடிய துணை அமையவில்லை என்பதே அவர்களிற் பெரும்பாலோர் கூறிய காரணம். சிலர் மணமுறிவு பெற்றவர்கள். வேறு சிலருக்குத் துணைவர் இருந்தும், அவர் இப்போது பிள்ளை வேண்டாம் என்று நாட்கடத்தி வந்தார். ஆண்களை விடப் பெண்களே கூடுதலாகப் பட்டம் பெறும் நாட்டில், தமக்கு நிகராகக் கற்ற துணையைத் தேடுவோருக்கு எண்ணிக்கையே எதிராக நிற்கின்றது என்பது பேராசிரியையின் விளக்கம்.

'படிப்பு, வேலை என்று வயதைப் போக்கிவிட்டாள்' என்ற பேச்சு எம்மவர் வீடுகளுக்கும் புதிதன்று. வதிவிட அனுமதிக்காகக் காத்திருந்த ஆண்டுகளும் அவ்வயதிலேதான் சேர்ந்திருக்கின்றன என்பதை அவ்வாறு பேசுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நோயின் பொருட்டு இம்முடிவை எடுப்போரும் உளர். புற்றுநோய்க்கான மருந்துகளும் கதிர்ச்சிகிச்சையும் சூலகத்தைப் பாதிக்கக்கூடும். ஆதலால், அவை தொடங்குமுன் முட்டைகளைச் சேமிக்குமாறு வைத்தியர்கள் ஆலோசனை கூறுவதுண்டு.

பெண் தன் வாழ்நாளுக்குரிய கருமுட்டைகளுடனேயே பிறக்கின்றாள். 35 வயதளவில் அவற்றின் தொகையும் தரமும் விரைந்து குறையத் தொடங்குகின்றன. உறையவைத்த முட்டைக்கோ வயதேறுவதில்லை. இதற்கெனப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஹோர்மோன் ஊசி ஏற்றி, ஒரே தடவையில் பல முட்டைகள் முதிரச் செய்யப்படுகின்றன. பின்னர் அவை மெல்லிய ஊசியினால் உறிஞ்சி எடுக்கப்பட்டு, சைபருக்குக் கீழ் 196 பாகையில் திரவ நைதரசனில் வைக்கப்படுகின்றன. உறைந்த முட்டையிலிருந்து உண்டான முதற் கருத்தரிப்பை 1986இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் வைத்தியர் கிறிஸ்தோபர் சென் அறிவித்தார். ஆனால் முட்டையில் நீர் மிகுதி. மெதுவாக உறையும்போது உருவாகும் பனிப்பளிங்குகள் அதனைச் சிதைத்துவிடும். கண்ணாடி போல் நொடிப்பொழுதில் இறுகச்செய்யும் முறை வந்த பின்னரே இச்சிகிச்சை பரவியது. 2012இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இது பரிசோதனை நிலையிலுள்ள சிகிச்சை அன்று என அறிவித்தது.

எனினும் இது காப்புறுதிப் பத்திரம் அன்று. உருக்கும்போது சில முட்டைகள் அழியும். எஞ்சியவற்றிற் சில கருவாகா. கருவானவையும் எல்லாம் தங்குவதில்லை. விளம்பரங்களில் இவ்விபரம் பெரிய எழுத்தில் வருவதில்லை.

பிரான்ஸ் நாட்டில் நோய்க் காரணம் இல்லாதவர்களுக்கு இச்சிகிச்சை நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. வசதியுள்ளோர் ஸ்பெயினுக்கும் பெல்ஜியத்துக்கும் சென்றனர். 2021 ஆகஸ்ட் மாதச் சட்டம் அத்தடையை நீக்கியது. 29 வயது நிறைந்த பெண்கள், 37ஆவது பிறந்தநாள் வரை, காரணம் எதுவும் கூறாமலே முட்டைகளைச் சேமிக்கலாம். முட்டை எடுக்கும் செலவைச் சமூகக் காப்புறுதி ஏற்கின்றது. ஆண்டுதோறும் பேணிவைக்கும் கட்டணம் பெண்ணுடையது. சேமித்தவற்றை 45ஆவது பிறந்தநாள் வரை பயன்படுத்தலாம். அதே சட்டம், துணையின்றி வாழும் பெண்களுக்கும் கருத்தரிப்புச் சிகிச்சை பெறும் உரிமையை அளித்தது.

ஆனால் சட்டம் வந்ததும் வைத்தியசாலைகளில் விண்ணப்பங்கள் குவிந்தன. பாரிஸ் பகுதியில் முதற் சந்திப்புக்கே பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. 36 வயதில் பெயரைப் பதிந்த பெண்ணுக்கு, முறை வருமுன்னரே அந்த 37ஆவது பிறந்தநாள் வந்துவிடக்கூடும்.