ஆறாத வாய்ப்புண்

கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வாழும் என் அத்தைக்கு வாயில் புண் கண்டது. “சூடுதான்” என்று மணத்தக்காளிக் கீரை கொடுத்தனர். நான்கு திங்கள் கழிந்தும் ஆறவில்லை. பின்னர் மார்பிலும் முதுகிலும் நீர்க் கொப்புளங்கள் எழுந்தன, தொட்டால் உடைந்தன. அம்மையென அஞ்சி அண்டை வீட்டார் விலகினர்.

அது அம்மையன்று, பெம்பிகஸ் என்னும் அரிய நோய். பாலக்காட்டை அடுத்த திருச்சூர் மாவட்டத்தில் புதிதாக இந்நோய் கண்டோர் பத்து இலட்சத்துக்கு 4.4 பேர் என்கிறது, 2008இல் வெளியான ஆய்வு.

வேலியே பயிரை மேய்ந்த கதைதான் இது. நோயை எதிர்க்க உடல் படைக்கும் எதிர்ப்பொருள்களே, தோலின் உயிரணுக்களைப் பிணைக்கும் டெஸ்மோகிளீன் என்னும் புரதத்தைத் தாக்குகின்றன. சாந்து உதிர்ந்த செங்கற்சுவர் போலத் தோல் பிரிகிறது. ஆகவே இது பிறருக்குத் தொற்றாது.

அறிவது எவ்வாறு? கொப்புளத்தின் அடியைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால், பிணைப்பிழந்து உருண்ட உயிரணுக்கள் தெரியும். இது 1947இல் ட்சாங்க் காட்டிய வழி. உறுதி செய்ய இதுமட்டும் போதாது. கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலில் சிறு துண்டெடுத்து ஒளிரும் சாயமிட்டால், உயிரணுக்களின் இடையே மீன்வலை போலப் பச்சை ஒளி தோன்றும். இரத்தத்திலும் அவ்வெதிர்ப்பொருள்கள் உண்டென 1964இல் பியூட்னரும் ஜோர்டனும் கண்டனர்.

முன்னாளில் உயிர்குடித்த நோய் இது. ஸ்டீராய்டு மருந்து வந்தபின் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அத்தையும் தேறினார். ஆனால் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

விடுமுறையில் சித்தூருக்கும் மூணாற்றுக்கும் பீர்மேட்டுக்கும் செல்லும் தோழர்களே! ஆறாத வாய்ப்புண் கண்டால் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கொப்புளம் கண்டு விலகுவோரிடம், “இது தொற்றாது” என்று சொல்லுங்கள்.