மழை வந்தால் இரட்டைச் சந்தோஷம்!
புகையும் மலையின் அடிவாரத்தில் ஒரு விவசாய ஊர்

காலையில் எழுந்ததும் அந்த ஊர் ஜனங்கள் முதலில் மலையைப் பார்க்கிறார்கள். உச்சியில் புகை வருகிறதா? வெள்ளைப் புகையா, கறுப்புப் புகையா? எந்தப் பக்கம் சாய்கிறது? இதைப் பார்த்த பிறகுதான் பெண்கள் துணியை வெளியே காயப் போடுகிறார்கள்.

ஊரின் பெயர் அமெக்கமேக்கா. மெக்சிகோ நாட்டில் இருக்கிறது. தலைநகரான மெக்சிகோ பட்டணத்திலிருந்து சுமார் 60 கிலோ மீட்டர் தூரம். கடல் மட்டத்துக்கு மேல் 2,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள விவசாய ஊர் அது.

ஊருக்குக் கிழக்கே 2 பெரிய மலைகள் நிற்கின்றன. ஒன்றின் பெயர் போபோகாடேபெட்ல். "புகையும் மலை" என்று அர்த்தம். சுமார் 5,400 மீட்டர் உயரம். நெருப்பு அடங்காத எரிமலை! இன்னொன்றின் பெயர் இஸ்டாக்சிவாட்ல். "வெள்ளைப் பெண்" என்று அர்த்தம். அது அமைதியான மலை.

இரண்டும் காதலர்கள் என்று கதை சொல்கிறார்கள். வீரன் போருக்குப் போனான். அவன் செத்துவிட்டான் என்று பொய்ச் செய்தி வந்தது. இளவரசி துக்கத்தில் உயிரை விட்டாள். திரும்பி வந்த வீரன், தீப்பந்தம் ஏந்தி அவள் அருகே காவல் நின்றான். அந்தப் பந்தத்தின் புகைதான் மலை உச்சியில் தெரிகிறதாம்!

மழைக்கு முன்பே விதைப்பு

அந்த ஊரில் காலம் இரண்டுதான். ஒன்று மழைக்காலம், மற்றது வறண்ட காலம். மே கடைசியிலோ ஜூனிலோ மழை பிடிக்கும். அக்டோபர் வரை பெய்யும். பிறகு 6, 7 மாதம் வானம் கைவிரித்துவிடும்.

அந்த ஜனங்களுக்கு மக்காச்சோளம்தான் முக்கிய உணவு. அதை அரைத்து ரொட்டி தட்டிச் சாப்பிடுகிறார்கள். மலை நாட்டுக் குளிரில் அந்தச் சோளம் விளைய 6 மாதத்துக்கு மேல் ஆகும். மழைக்காலம் முடிந்ததும் உறைபனி வந்துவிடும். ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும், பச்சைப் பயிர் கருகிவிடும்.

ஆகவே மழைக்காகக் காத்திருக்க முடியாது. மார்ச், ஏப்ரலிலேயே விதைக்கிறார்கள். மண்ணுக்கு அடியில் மிச்சம் இருக்கும் ஈரத்தில் விதை முளைக்கிறது. அந்தத் தளிர் வெயிலைத் தாங்கி மழைக்காகக் காத்து நிற்கிறது.

அதே மாதங்களில்தான் அங்கே காற்றும் கெட்டுப் போகிறது!

காற்று கெடுவது ஏன்?

உழுத வயலில் புழுதி பறக்கிறது. அறுவடைத் தாளைக் கொளுத்துகிறார்கள். காய்ந்த காட்டில் தீப் பிடிக்கிறது. மழை இல்லாததால் புழுதியையும் புகையையும் கழுவி இறக்க வழியில்லை.

குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தங்கிவிடும். அதற்கு மேலே வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். அடுப்புப் புகை மேலே போக முடியாது. வெயில் ஏறிய பிறகுதான் மூடி திறக்கும்.

பட்டணத்துப் புகை

எல்லாவற்றையும்விட வேடிக்கை, அடுத்த ஊர்ப் புகை இங்கே வருவதுதான்.

மெக்சிகோ பட்டணமும் அதைச் சுற்றிய ஊர்களும் சேர்ந்தால் 2 கோடிக்கு மேல் ஜனத்தொகை. அந்தப் பட்டணம் மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற இடத்தில் இருக்கிறது. கார்களும் தொழிற்சாலைகளும் விடும் புகையில் கடும் வெயில் படுகிறது. அப்போது ஓசோன் என்ற வாயு உண்டாகிறது. வானத்தின் உயரத்தில் ஓசோன் இருந்தால் நல்லது. சூரியனின் தீய கதிர்களைத் தடுக்கிறது. தரையில் இருந்தால் கெடுதல். கண் எரியும், தொண்டை கரகரக்கும், ஆஸ்த்மாக்காரர்களுக்கு மூச்சு முட்டும். பீன்ஸ் போன்ற பயிர்களின் இலையையும் அது கெடுக்கிறது.

அந்தக் கிண்ணத்தின் தென்கிழக்கு ஓரத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அமெக்கமேக்கா அந்த வழியில்தான் அமைந்திருக்கிறது! வடக்கேயிருந்து காற்று வீசும் நாட்களில் பட்டணத்து ஓசோன் வயல்களைத் தேடி வந்துவிடுகிறது. நிறம் தெரியாது. பிற்பகலில்தான் அதிகம்.

1989-ல் பட்டணத்தில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு காரும் வாரத்தில் ஒரு நாள் ஓடக் கூடாது! பெட்ரோலில் ஈயம் கலப்பதும் பிறகு நின்றது. புகை குறைந்தது. ஆனால் ஓசோன் தொல்லை தீரவில்லை. 2019 மே மாதம் காட்டுத் தீப் புகையும் சேர்ந்துகொண்டது. பட்டணத்தில் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள்.

சாம்பல் மழை!

எரிமலை சுமார் 70 ஆண்டுகள் தூங்கிக் கிடந்தது. 1994 டிசம்பரில் விழித்துக்கொண்டது. 2000 டிசம்பரில் அது சீறியபோது பல்லாயிரம் பேர் ஊரைக் காலி செய்தார்கள். 2023 மே மாதம் மறுபடி சாம்பலைக் கக்கியது. சுற்று வட்டாரப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. மெக்சிகோ பட்டணத்து விமான நிலையம் சில மணி நேரம் நின்றது.

இது விறகுச் சாம்பல் அல்ல. பொடியான பாறையும் கண்ணாடித் தூளும்! கண்ணைக் கசக்கினால் கீறிவிடும். ஆகவே சாம்பல் விழும் நாளில் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்கிறார்கள். குடிதண்ணீரை மூடி வைக்கிறார்கள். கூரையில் விழுந்த சாம்பலை மழைக்கு முன் பெருக்கி மூட்டையில் கட்டுகிறார்கள். நனைந்தால் பாரம் கூடிக் கூரை இறங்கிவிடும். சாக்கடையில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும்.

ஆனாலும் மலையை யாரும் திட்டுவதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக விழுந்த சாம்பல்தான் அந்த மண்ணை வளமாக்கியது. மலைக்குச் செல்லப் பெயர்கூட உண்டு: "தோன் கோயோ." "கிரிகோரி ஐயா" என்பது போல!

மின்னல் தொட்ட மனிதர்கள்

அந்த வட்டாரத்தில் "வானம் பார்ப்பவர்கள்" இருக்கிறார்கள். மின்னல் தாக்கியும் பிழைத்தவர்களுக்கே இந்தத் தகுதி உண்டு என்பது நம்பிக்கை. மலைக்குகைகளுக்குப் போய்ப் படையல் வைத்து, மழை வேண்டும், ஆலங்கட்டி வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். மே 3-ந் தேதி சிலுவைத் திருநாள். சிலுவைக்குப் பூச் சூட்டி மழை கேட்கும் நாள் அது.

இன்று விஞ்ஞானிகளும் மலையைக் கருவிகளால் இரவு பகலாகக் கவனிக்கிறார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போக்குவரத்து விளக்குபோல எச்சரிக்கை தருகிறார்கள். சிவப்பு என்றால் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும்.

கடைசியில் ஒரு நாள் பிற்பகலில் இடி இடிக்கிறது. முதல் மழை கொட்டுகிறது. புழுதி அடங்குகிறது. புகை கழுவப்படுகிறது. வாடி நின்ற சோளத் தளிர் தலை நிமிர்கிறது. இரவெல்லாம் இருமிய குழந்தை நிம்மதியாகத் தூங்குகிறது.

மழையும் மலையும் மனிதன் சொல் கேட்பதில்லை. பட்டணத்துக் காரும் காட்டில் வைக்கும் நெருப்பும் மனிதன் கையில்தான் இருக்கின்றன. அவற்றைக் குறைத்தால், மூச்சு விடுவதற்காகவாவது அந்த ஊர் மழைக்குக் காத்திருக்க வேண்டாம்.